1.4 வோல்ட் எல்லா பிராசசருக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போடாமல் ஓவர்கிளாக் செய்து (பிராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி) வேகமாக்குவது எப்படி என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பொருத்தமான நேரத்தில்தான் வெளியிட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, ஒருசில தவிர, ஏற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கிற கணினியை இதற்காகக் காயலான் கடைக்குப் போட மனமில்லாதவர்கள், லினக்ஸ் போட்டு இன்னும் நாலு வருடம் ஓட்டலாம் என்று நினைப்பதில் தவறில்லை. கட்டுரையின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதன் ஓரத்தில் ஒரு பெட்டி கட்டி, 'மல்டிபிளையர் 45, வோல்டேஜ் 1.4, பஸ் வேகம் 110' என்று மூன்று எண்களைப் போட்டிருக்கிறீர்கள். கட்டுரையைப் படிக்காதவர்கூட அந்தப் பெட்டியைக் கத்தரித்து வைத்துக்கொள்வார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2007 ஜனவரியில் வந்த கோர் 2 குவாட் கியூ6600, 65 நானோமீட்டரில் செய்த பிராசசர். அதற்கு இன்டெல் குறித்த வோல்டேஜ் எல்லையே 0.85 முதல் 1.5 வரை, ஆகவே 1.4 என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. பஸ் வேகத்தை மல்டிபிளையரால் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம். பஸ் வேகத்தை 266-இலிருந்து 333-க்கு ஏற்றினால், மல்டிபிளையர் 9 அப்படியே இருக்க, 2.4 கிகாஹெர்ட்ஸ் 3.0 ஆகிவிடும். அந்தக் காலத்துக்கு அது சரியான வழி. கட்டுரை பேசுவதோ 2011 ஜனவரியில் வந்த ஐ5-2500கே பற்றி. இது 32 நானோமீட்டர். டிரான்சிஸ்டர் சிறுத்துவிட்டது, அது தாங்கும் வோல்டேஜும் குறைந்துவிட்டது. பாட்டன் செருப்பைப் பேரனுக்கு மாட்டிவிட்ட கதைதான்.

பஸ் வேகம் 110 என்பது இன்னும் மோசம். சாண்டி பிரிட்ஜ் எனப்படும் இந்தத் தலைமுறையில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை கிளாக் (பெட்டி பஸ் வேகம் என்பது இதைத்தான்) ஒன்றிலிருந்துதான் பிராசசர், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா, யு.எஸ்.பி. எல்லாமே ஓடுகின்றன. 103, 104 வரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் பிராசசர் சமாளித்தாலும் ஹார்ட் டிஸ்க் சமாளிக்காது. எழுதுகிற தரவு கெடும். கெட்டது அன்றைக்கே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. எனவே இதை 100-இலேயே விட்டுவிட வேண்டும். கைவைக்கக்கூடியது மல்டிபிளையர் மட்டும்.

அதுவும் எல்லோருக்கும் இல்லை. பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்து இருந்தால்தான் (2500கே, 2600கே, அடுத்த தலைமுறையில் 3570கே, 3770கே) மல்டிபிளையர் திறந்திருக்கும். மதர்போர்டின் சிப்செட் பி67, இசட்68, இசட்77 போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். 'கே' இல்லாத ஐ5-2400 போன்றவற்றை இந்த போர்டுகளில் டர்போ வேகத்துக்கு (சுமை வரும்போது பிராசசர் தானாக ஏறும் வேகம்) மேல் நான்கு படி, அதாவது 400 மெகாஹெர்ட்ஸ், ஏற்றலாம். நான்கு கோரும் சேர்ந்து ஓடும்போது அது 3.6 கிகாஹெர்ட்ஸ். ஐ3-2100 முழுக்கப் பூட்டியது. நம்மூர் அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அதிகம் ஓடியவை எச்61 சிப்செட் போர்டுகள். அவற்றில் 2500கே-யையே மாட்டினாலும் ஓவர்கிளாக் செய்ய வழியில்லை. கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும்.

இனி வோல்டேஜ். பிராசசர் உண்ணும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் ஏறும். வோல்டேஜைக் கூட்டினாலோ அதன் வர்க்க விகிதத்தில் ஏறும். 3.3 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட், 95 வாட் என்று கணக்கு வைப்போம். 4.4-க்கு ஏற்றி வோல்டேஜை 1.32 ஆக்கினால் சுமார் 1.6 மடங்கு, அதாவது 150 வாட்டைத் தாண்டும். பஸ் வேகத்தை 100-இலேயே விட்டு, பெட்டியில் உள்ளபடி மல்டிபிளையர் 45-உம் (4.5 கிகாஹெர்ட்ஸ்) வோல்டேஜ் 1.4-உம் வைத்தால் சுமார் 175. வேகத்தில் கூடியது 100 மெகாஹெர்ட்ஸ். சூட்டில் கூடியது 20 வாட்டுக்கு மேல். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், 'எவ்வளவு ஏற்றலாம்' என்று கேட்பதை விட்டு, 'இந்த வேகத்துக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஹேங் ஆகாமல் நிலைத்து நிற்கும்' என்று கேட்கத் தொடங்குவீர்கள். வேலை அங்கேதான் இருக்கிறது. ஒரே நாளில் செய்த இரண்டு 2500கே-யில்கூட ஒன்று 4.4-க்கு 1.25-இல் நிற்கும், மற்றது 1.33 கேட்கும். ஆகவே யாருடைய எண்ணையும் அப்படியே எடுத்துப் போட முடியாது.

'இன்டெல் ஆவணத்திலேயே 1.52 என்று இருக்கிறதே' என்பார்கள் சிலர். அது, பிராசசர் மதர்போர்டிடம் வோல்டேஜ் கேட்கும் குறியீட்டு அட்டவணையின் மேல் முனை. ஸ்பீடோமீட்டரில் 220 வரை எழுதியிருப்பதால் காரை 220-இல் ஓட்டலாம் என்று பொருளில்லை. நாள்தோறும் ஓட்டும் கணினிக்கு 32 நானோமீட்டரில் 1.35-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது என் கணிப்பில் நியாயமானது.

பயோஸை (கணினி தொடங்கும்போதே வரும் செட்டிங் திரை) திறக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் தரவை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். சரியாக நிற்காத பிராசசர் விண்டோஸ் கோப்புகளைக் கெடுப்பது சர்வசாதாரணம். பத்து வருடக் கணினியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில் வையுங்கள். பிராசசர் வாங்கியபோது கூடவே வந்த குட்டை ஹீட்சிங்க் இதற்கு உதவாது. நான்கு செப்புக் குழாயும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் வேண்டும். பழையது வாங்குபவர்கள் துளை இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள்: 1155 சாக்கெட்டுக்கு 75 மில்லிமீட்டர். 1156, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் இதே அளவு; 775-க்கு 72, 1700-க்கு 78, இவை உட்காராது. ஒரு சின்ன விஷயம்: பழைய குட்டை ஹீட்சிங்க் கீழ்நோக்கி ஊதுவதால் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட்டுகளுக்கும் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகங்கள்) காற்று போகும். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதும். மாஸ்ஃபெட் மேல் அலுமினியத் தகடு இல்லாத போர்டாக இருந்தால், பிராசசர் குளிர்ந்திருக்க இவை கருகும். அங்கே ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனைத் திருப்பிவிட வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கட்டுரை வாயே திறக்கவில்லை. சோதனை ஓடும்போது, பிராசசர் பவர் கனெக்டரின் மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பயோஸில் என்ன மாற்றியும் பயனில்லை. போர்டில் எட்டு பின் சாக்கெட் இருக்க நான்கு பின்னை மட்டும் செருகியிருப்பதும் அடிக்கடி கண்ணில் படும். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் ஓவர்கிளாக் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். சிமோஸ் பேட்டரி, அந்த 2032 வட்ட பேட்டரி, 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் மாற்றுங்கள்; இல்லையென்றால் மின்வெட்டு வரும்போதெல்லாம் செட்டிங் அழிந்துபோகும்.

இப்போது பயோஸ். முதலில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, விண்டோஸில், பிராசசருக்குக் கடும் சுமை தரும் மென்பொருளான பிரைம்95-இன் ஸ்மால் எஃப்.எஃப்.டி. சோதனையை 20 நிமிடம் ஓட்டி, வெப்பநிலையையும் வோல்டேஜையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண வேகத்திலேயே 80 டிகிரியைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்; அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. பிறகு டர்போவை 'ஆன்' ஆகவே வைத்து, நான்கு கோருக்கும் டர்போ மல்டிபிளையரை 40 ஆக்குங்கள். டர்போவை அணைத்துவிட்டு 'ஏன் வேகம் ஏறவில்லை' என்று முழிப்பவர்கள் உண்டு. இந்தத் தலைமுறையில் ஓவர்கிளாக்கே டர்போ வழியாகத்தான். டர்போ பவர் லிமிட் 95 வாட்டில் இருந்தால் 160-க்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் சுமை வந்ததும் தானாக வேகம் இறங்கும். 'ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம்' என்ற செட்டிங்கை அணையுங்கள். ராமை 1333 வேகத்திலும் 1.5 வோல்ட்டிலும் விடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டைக் கிளறினால் எது தவறியது என்று தெரியாது.

வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடவே கூடாது. போர்டு தயாரிப்பவர்கள் தங்கள் போர்டு ஹேங் ஆகக் கூடாது என்பதற்காகத் தாராளமாக ஏற்றி வைத்திருப்பார்கள். 45-க்குப் போனால் சில போர்டுகள் சொல்லாமலேயே 1.4-ஐத் தாண்டும். மேனுவலில் 1.20 வைத்துத் தொடங்குங்கள். 20 நிமிடச் சோதனை தாண்டினால் மல்டிபிளையர் 41. தாண்டினால் 42. ஹேங் ஆனாலோ, ப்ளூ ஸ்கிரீன் வந்தாலோ, பிரைம்95-இல் ஒரு கோர் மட்டும் பிழை சொல்லி நின்றாலோ, 0.02 ஏற்றி அதே மல்டிபிளையரில் மறுபடி. சுமையின்போது 1.35 வோல்ட், அல்லது 80 டிகிரி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிராசசர் தானாக வேகம் குறைத்துக்கொள்ளும் எல்லை 98 டிகிரி என்றாலும், அதன் விளிம்பில் குடியிருக்கத் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு மல்டிபிளையர் இறக்கி, இப்போது வோல்டேஜை 0.01 வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே விழுகிறதோ அதற்கு மேல் 0.02 சேர்த்தால் அதுவே உங்கள் எண். கணினி ஸ்டார்ட்டே ஆகாமல் போனால் பயப்பட வேண்டாம்: மின் இணைப்பைப் பிடுங்கி, கிளியர் சிமோஸ் ஜம்பரைப் பத்து விநாடி இணைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று. பயோஸில் நீங்கள் எழுதுகிற வோல்டேஜ் ஒன்று. பிராசசருக்குச் சுமையில் கிடைப்பது வேறு. 1.32 என்று வைத்திருப்பீர்கள், பிரைம்95 ஓடும்போது 1.27 காட்டும். மின்னோட்டம் கூடும்போது வோல்டேஜ் கொஞ்சம் தணியும்படி இன்டெலே வகுத்து வைத்திருக்கிறது. இதைப் பழுதென்று நினைத்துக்கொண்டு 'லோட் லைன் கேலிபரேஷன்' என்ற செட்டிங்கை உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள். எண் ஆடாமல் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுமை சட்டென்று விலகும் கணத்தில், வைத்த அளவுக்கும் மேலே ஒரு துள்ளல் துள்ளும். நொடிக்கு ஒருமுறை படிக்கிற மென்பொருளில் அது தெரியாது, ஆசிலாஸ்கோப்பில்தான் தெரியும். அந்தத் தணிவே இந்தத் துள்ளலுக்கு இடம் விடத்தான். லோட் லைனை நடுவில் வையுங்கள். வேண்டுமானால் பயோஸ் எண்ணை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். யாரிடமாவது உங்கள் அளவைச் சொல்லும்போது சுமையில் காட்டும் எண்ணைச் சொல்லுங்கள். பயோஸ் எண்ணை வேறு போர்டில் போட்டால் அது வேறு வோல்டேஜ்.

எண் பிடிபட்டதும் மேனுவலிலிருந்து ஆஃப்செட் முறைக்கு (பிராசசர் கேட்கும் வோல்டேஜில் ஒரு அளவைக் கூட்டுவது அல்லது கழிப்பது) மாறுவது நல்லது. மேனுவலில், சும்மா இருக்கும்போதும் அதே 1.3 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். ஆஃப்செட்டில் பிராசசர் 1600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது வோல்டேஜும் 1-க்கு அருகே இறங்கிவிடும். ஆனால் இங்கேதான் ஒரு விசித்திரமான கோளாறு வரும்: எட்டு மணி நேரம் பிரைம்95 தாங்கிய கணினி, ஒன்றுமே செய்யாமல் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது உறைந்துபோகும். காரணம் எளிது. சுமையில் பிராசசர் 1.36 கேட்கிறது, உங்களுக்கு 1.30 போதும், எனவே ஆஃப்செட் மைனஸ் 0.06 வைக்கிறீர்கள். அதே 0.06 சும்மா இருக்கும்போதும் கழிகிறது, 0.98 கிடைக்க வேண்டிய இடத்தில் 0.92 கிடைக்கிறது. அது போதவில்லை. சுமையில்தான் பிரச்சினை என்று நினைத்து மல்டிபிளையரைக் குறைப்பவர்கள் நாள்கணக்கில் சுற்றுவார்கள். மருந்து வேறு: ஆஃப்செட்டை மைனஸ் 0.03 ஆக்கி, லோட் லைனை ஒரு படி இறக்குங்கள். சுமையில் கூடுதலாகத் தணியும் வோல்டேஜ் அந்த 0.03-ஐ ஈடுகட்டும், 1.30 அப்படியே இருக்கும். சும்மா இருக்கையில் மட்டும் 0.95 கிடைக்கும்.

ப்ளூ ஸ்கிரீனில் வரும் எண்ணும் துப்புக் கொடுக்கும். 124 அல்லது 101 என்று முடிந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை. 1ஏ, 50 என்று வந்தால் ராமைச் சந்தேகித்து மெம்டெஸ்ட்86+ ஓட்டிப் பாருங்கள். நான்கு ராம் மாட்டியிருந்தால் வி.சி.சி.ஐ.ஓ. (ராமோடு பேசும் பகுதிக்கான வோல்டேஜ்) என்பதை 1.05-இலிருந்து 1.10 ஆக்க வேண்டிவரலாம். ஸ்லீப்பிலிருந்து எழும்பவில்லை என்றால் 'இன்டர்னல் பி.எல்.எல். ஓவர்வோல்டேஜ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 45-க்குக் கீழே பெரும்பாலும் அது தேவைப்படாது, அணைத்துவிடலாம்.

இன்னொன்று. பழைய விண்டோஸ் 7-இல் சோதித்துத் தேறிய கணினி, வேறு விண்டோஸ் போட்டதும் விழுவது உண்டு. சர்வீஸ் பேக் 1 இல்லாத விண்டோஸ் 7-இல் ஏ.வி.எக்ஸ். எனும் கனமான கணக்குக் கட்டளைகள் ஓடாது, அதைப் பயன்படுத்தும் பிரைம்95-இன் 27-ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் அங்கே பிராசசரை முழுசாகப் பிழியாது. சோதனையை நீங்கள் கடைசியில் பயன்படுத்தப்போகும் இயங்குதளத்திலேயே செய்யுங்கள். கணினியைக் கண்காணிக்கும் எச்.டபிள்யூ.இன்ஃபோ64 மென்பொருளில் 'வியா' (WHEA, வன்பொருள் பிழைகளின் பதிவு) பிழைகள் என்ற வரியையும் கவனியுங்கள். ஹேங் ஆகாமலே அந்த எண் ஏறிக்கொண்டிருந்தால், பிராசசர் தடுமாறித் தடுமாறித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று பொருள்.

கட்டுரையில் உள்ள வெப்பநிலைகள் குளிரூட்டிய அறையில் எடுத்தவை போலிருக்கின்றன. அறை 25-இலிருந்து 38-க்குப் போனால் பிராசசரும் ஏறக்குறைய அதே 13 டிகிரி ஏறும். ஏறியது அத்தோடு நிற்காது: சூடான டிரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் கூடும், அதனால் இன்னும் சூடு, அதே வேகத்துக்கு வோல்டேஜும் சற்று அதிகம் கேட்கும். மார்கழி இரவில் 68 டிகிரியில் நின்றது அக்னி நட்சத்திரப் பகலில் 124 பிழையோடு விழுவது இதனால்தான். கடைசிச் சோதனையைச் சித்திரை வெயிலில், கேஸின் மூடியைப் போட்டபடி நடத்துங்கள். அதுவரை வைத்த அளவைத் தற்காலிகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

3570கே வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். அது 22 நானோமீட்டர், மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் 2500கே-யில் சில்லையும் மேல் தகட்டையும் உலோகப் பற்றாசால் ஒட்டியிருந்த இன்டெல், 3570கே-யில் வெறும் பேஸ்ட் தடவி மூடிவிட்டது. சூடு வெளியே வர வழி குறுகல். 1.25 வோல்ட்டிலேயே வெப்பநிலை முரண்டு பிடிக்கும். தகட்டை பிளேடால் பிரித்துப் பேஸ்ட் மாற்றும் வித்தையைப் பார்த்துவிட்டு முயல்கிறவர்கள், வீணானாலும் பரவாயில்லை என்கிற பிராசசரில் கைபழகட்டும்.

இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக ஓடிய பிறகு திடீரென 124 தலைகாட்டினால் வோல்டேஜைக் கூட்டாதீர்கள். சூடும் வோல்டேஜும் சேர்ந்து உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களையும் உலோகக் கம்பிகளையும் மெல்ல அரித்ததன் அடையாளம் அது. கூட்டினால் அரிப்பு விரையும். மல்டிபிளையரை ஒன்று இறக்குங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் குறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, இதைச் செய்வதால் கிடைப்பது என்ன என்பதையும் கட்டுரை நேராகச் சொல்லியிருக்கலாம். நான்கு கோரும் ஓடும்போது 3.4 என்பது 4.4 ஆனால் கூடுவது 29 சதவீதம். வீடியோ மாற்றுகிறவர், பெரிய கோப்புகளைச் சுருக்குகிறவர், பழைய கேம் ஆடுகிறவர் இதை உணர்வார். இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினியில் டேலியும் பிரவுசரும் திறக்க நேரமாகிறது என்பவருக்கு ஓவர்கிளாக் ஒன்றும் தராது. அவர் முதலில் ஒரு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கட்டும், ராம் 4 ஜி.பி. என்றால் 8 ஆக்கட்டும். கூடுதலாக 60 வாட், நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமை என்றால் மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம் மின் கணக்கில் ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் பெட்டியை அதே இடத்தில், அதே அளவில், '1.20-இல் தொடங்குக, சுமையில் 1.35-ஐத் தாண்டற்க, அடிப்படை கிளாக் 100' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன். கத்தரித்து வைத்திருப்பவர்கள் மேலே ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.